ஆலும் ஓடும்: தாயின் உயர் குருதியழுத்தமும் குறைமாதக் குழந்தையின் குடல் நோயும்

1. பொருளும் நோக்கமும்

கருவுற்ற தாய்க்கு உண்டாகும் உயர் குருதியழுத்தமும், மிக முன்னதாகப் பிறந்துவிட்ட குழந்தைக்கு உண்டாகும் குடல் நோயும் மருத்துவர்க்குரிய பொருள்கள். அவற்றை ஆராய்வதும் அவற்றுக்கு மருந்தளிப்பதும் அவர்தம் பணி. எனினும் மருத்துவம் கண்டறிந்த செய்தி தாயைச் சென்றடைவது சொற்களின் வழியாகத்தான். பினாங்கில் இப்பயணம் சற்று நீண்டது. மருத்துவர் ஆங்கிலத்தில் குறிப்பெழுதுகிறார். தாதியர் மலாயில் எடுத்துரைக்கின்றனர். வீடு திரும்பியதும் கணவரும் மாமியாரும் அதனையே தமிழில் பேசிக்கொள்கின்றனர். மும்மொழிகளைக் கடந்து வரும் செய்தி எந்த இடத்தில் பொருள் மாறுகிறது என்று காண்பது மொழியியலாரின் பணியாகும். அப்பணியை மட்டுமே இங்கு நாம் மேற்கொள்கிறோம்.

குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிரக் கவனிப்புப் பிரிவின் வாயிலில் நிற்கும் குடும்பங்களிடையே, "தாய்க்கு இருந்த அழுத்தத்தால்தான் பிள்ளையின் குடல் கெட்டது" என்பது போன்ற ஒரு வாக்கியம் எளிதில் பிறந்துவிடும். அவ்வாக்கியத்தில் நோய்ப் பெயர்களைவிட முதன்மையானது ஒரு சிறிய உருபு, அதுவே 'ஆல்'. அவ்வுருபு அங்கு நிற்கத் தகுமா என்பதே இக்கட்டுரையின் வினா. விடை காண்பதற்கு முன் சொற்களை ஒவ்வொன்றாகத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

2. கொதிப்பு, டாரா திங்கி, உப்பு

குருதி நாளங்களின் சுவர்மீது குருதி செலுத்தும் விசையே குருதியழுத்தம். கருவுற்று 20 வாரங்கள் கடந்த பின், அதுவரை இயல்பாக இருந்த பெண்ணுக்கு அவ்வழுத்தம் 140/90 என்னும் அளவை எட்டினாலோ மீறினாலோ மருத்துவர் அதனைக் கருக்கால உயர் குருதியழுத்தம் என்பர். அதனுடன் சிறுநீரில் புரதம் வெளியேறுதல், அல்லது கல்லீரல், சிறுநீரகம், குருதித் தட்டணுக்கள் முதலியவை பாதிக்கப்படுதல் சேருமாயின் அது 'பிரீ எக்லாம்ப்சியா' எனப்படும். தமிழில் இதனை 'முன்சூல்வலிப்பு' என்று வழங்குகிறோம். நோய் முற்றி வலிப்புத் தோன்றினால் அது 'சூல்வலிப்பு'. 'எக்லாம்ப்சியா' என்பதன் கிரேக்க மூலம் ஒளி வீசித் தோன்றுதல் என்னும் பொருளுடையது. மின்னலைப் போலத் திடீரெனத் தாக்குவதால் அப்பெயர் பொருந்தியது என்பர். தமிழ்ச் சொல்லோ நிகழ்வையே நேராகக் காட்டுகிறது. சூல் கொண்ட காலத்து வலிப்பு என்று மாணவர்க்கும் உடனே விளங்கும்.

மக்கள் வழக்கில் உள்ள சொற்கள் வேறு. தமிழ்நாட்டிலும் இங்கும் முதியோர் 'இரத்தக் கொதிப்பு' என்பர். கொதிப்பு என்னும் சொல் வெப்பத்தையும் சினத்தையும் நினைவூட்டுகிறது. ஆகவே அமைதியான இயல்புடைய பெண், "எனக்கு ஏது கொதிப்பு?" என்று எண்ண இடமுண்டு. மலேசியத் தமிழர் மலாயிலிருந்து 'டாரா திங்கி' என்னும் தொடரை எடுத்தாளுகின்றனர். 'உயர்ந்த குருதி' என்பது அதன் நேர்ப்பொருள். குருதியின் அளவு மிகுந்துவிட்டது என்னும் மயக்கத்தை அது தரக்கூடும். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வைத் தமிழ்நாட்டுப் பெண்கள் 'உப்பு' பார்த்தல் என்பர். உணவில் உப்பைக் குறைத்தால் போதும் என்று அச்சொல் எண்ண வைக்கும். ஆனால் அங்கே தேடப்படுவது உப்பன்று, புரதம்.

இச்சொற்களைக் கைவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. தாயிடம் பேசும்போது அவள் அறிந்த சொல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதன் பின் ஒரு விளக்கம் சேர வேண்டும். இந்நோய் பெரும்பாலும் உணர்த்தாமல் வருவது. சினம் இல்லாதவர்க்கும் வரும். அளந்து பார்த்தால் அன்றித் தெரியாது. தெரியும்படி அது வெளிப்படும்போது கடுந்தலைவலி, கண் மங்கல் அல்லது கண்முன் பொறி பறத்தல், விலா எலும்பின்கீழ் மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகியவை தோன்றும். அப்போது மறுநாள் வரை காத்திருத்தல் ஆகாது.

மலேசிய நலவாழ்வு நிலையங்களில் 'மிஸ்ஸி' என்று நம் மக்கள் அழைக்கும் தாதியர், தாயின் பதிவுக் கையேட்டில் வண்ணக் குறியீடு இடுவதை ஆசிரியர் பலரும் அறிவர். வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என இடர் மிகுதிக்கேற்ப அது மாறும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. மொழி தடையாகும் இடத்தில் நிறம் பேசுகிறது. நல்ல ஏற்பாடு அது. ஆனால் ஏன் சிவப்பு என்பதைத் தாயின் மொழியில் சொல்லும்போதுதான் அவள் அதன் கடுமையை உணர்வாள்.

3. மாதமும் வாரமும்

இரண்டாவது மயக்கம் எண்ணிக்கையில் உள்ளது. தமிழர் கருக்காலத்தை மாதத்தால் எண்ணுகிறோம். மருத்துவர் வாரத்தால் எண்ணுகின்றனர். பத்து மாதம் சுமந்த தாய் என்னும் நம் வழக்கைப் பிழையெனக் கருதுவோர் உளர். நான்கு வாரங்களைக் கொண்ட மாதம் எனக் கொண்டால் பத்து மாதம் என்பது 40 வாரம், அதாவது 280 நாள். மருத்துவ நூல் கூறும் முழுக் கருக்காலமும் அதுவே.

சிக்கல் இடையில் வருகிறது. 37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பது குறைமாதப் பிறப்பு. 32 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பது மிகுகுறைமாதப் பிறப்பு. 28 வாரமும் நிறையாமல் பிறப்பது அதனினும் கடுமையானது. இப்போது 'ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். நான்கு வார மாதக் கணக்கில் ஏழாம் மாதம் என்பது 24 முதல் 28 வாரம் வரை. நாட்காட்டி மாதக் கணக்கில் அது ஏறத்தாழ 26 முதல் 30 வாரம் வரை. மேலும் 'ஏழு மாதம்' என்றால் ஏழும் நிறைந்தது. 'ஏழாம் மாதம்' என்றால் ஏழு நடக்கிறது. இவ்வேறுபாட்டை எண்ணுப்பெயர், எண் வரிசைப்பெயர் என்று இலக்கணம் தெளிவாகக் காட்டினாலும் பேச்சில் அது மறைந்துவிடுகிறது.

ஆகவே ஒரே தொடர் 24 வாரக் குழந்தையையும் 30 வாரக் குழந்தையையும் குறிக்கலாம். முன்னதற்கு உயிர்பிழைக்கும் போராட்டம் மிகக் கடினம். பின்னதற்கு நம்பிக்கை மிகுதி. பாட்டிமார் கூறும், ஏழு மாதப் பிள்ளை தங்கும், எட்டு மாதப் பிள்ளை தங்காது என்னும் நம்பிக்கைக்கும் மருத்துவத்தில் இடமில்லை. கருவறையில் கூடும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வலுவே. தாய்மார் தம் கருக்காலத்தை வாரத்தால் சொல்லப் பழகுதல், இங்கு நாம் பரிந்துரைக்கும் முதல் மொழிப் பயிற்சி.

4. குடல் நோய்

மிகுகுறைமாதக் குழந்தைகளை அச்சுறுத்தும் குடல் நோயின் ஆங்கிலப் பெயர் நெக்ரோடைசிங் என்டிரோகோலைட்டிஸ். மருத்துவமனை வழக்கில் அதனைச் சுருக்கி 'நெக்' என்பர். நெக்ரோசு என்னும் கிரேக்கச் சொல் பிணத்தையும், என்டிரான் குடலையும், கோலான் பெருங்குடலையும் குறிக்கும். ஈற்றிலுள்ள 'ஐட்டிஸ்' அழற்சியைக் குறிக்கும். இதனைத் தமிழில் 'குடல் நசிவழற்சி' என்று இக்கட்டுரையில் வழங்குகிறோம். நசிவு என்பது திசு உயிரிழத்தல். அழற்சி என்னும் சொல் அழல் என்னும் வேரிலிருந்து வந்தது. தீப்பற்றியது போலச் சிவந்து வீங்கிச் சுடும் நிலையை அது காட்டுகிறது. இலத்தீன் வழிவந்த ஆங்கிலச் சொல்லும் தீயையே அடிப்படையாகக் கொண்டிருப்பது ஒப்புநோக்கத்தக்கது.

இந்நோய் பிறந்தவுடன் வருவதில்லை. குழந்தை சற்றுத் தேறி, குழாய் வழியாகப் பால் ஏற்கத் தொடங்கி, பெற்றோர் மூச்சுவிடத் தொடங்கும் இரண்டாம், மூன்றாம் வாரங்களில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். வயிறு உப்பும், வயிற்றில் தங்கிய பால் பச்சை நிறத்தோடு திரும்பும், மலத்தில் குருதி தோன்றும், குழந்தை சோர்ந்து மூச்சு நின்று நின்று வரும். ஊடுகதிர்ப் படத்தில் குடற்சுவரின் உள்ளே வளிக்குமிழிகள் தென்படுவது இந்நோயின் அடையாளம். 1978இல் மார்ட்டின் பெல் என்னும் அறுவை மருத்துவரும் அவர்தம் குழுவினரும் இதனை ஐயநிலை, உறுதிநிலை, முற்றியநிலை என மூன்று படிகளாக வகுத்தனர். பிற்காலத்தில் விரிவாக்கப்பட்ட அவ்வகைப்பாடே இன்றும் பயன்படுகிறது. பால் நிறுத்தப்பட்டுக் குடலுக்கு ஓய்வளிக்கப்படும். நாளம் வழியாக ஊட்டமும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் செலுத்தப்படும். குடலில் துளை விழுந்தால் அறுவை தேவைப்படும்.

மலேசியாவின் 31 பச்சிளங்குழந்தைத் தீவிரக் கவனிப்புப் பிரிவுகளில் 2007ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட, பிறப்பு எடை மிகக் குறைந்த 3,601 குழந்தைகளைப் பற்றிய ஆய்வொன்று 2012இல் சிங்கப்பூர் மருத்துவ இதழில் வெளிவந்தது. அவர்களுள் 222 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஆறு பேருக்கு, இந்நோய் வந்தது; வந்தவருள் 69 பேர் இறந்தனர். நோய் அரிதாகத் தோன்றலாம். வந்தால் மூவரில் ஒருவரைக் கொண்டுபோகிறது என்பதே இவ்வெண்களின் பொருள்.

5. கருவறையில் நிகழ்வது

தாயின் அழுத்தத்திற்கும் குழந்தையின் குடலுக்கும் இடையில் நிற்பது நஞ்சுக்கொடி. இலங்கைப் பாடநூல்கள் இதனைச் சூல்வித்தகம் என்று வழங்கும். 'நஞ்சு' என்னும் பெயர் இருப்பினும் குழந்தைக்கு உயிர்வளியும் உணவும் அளிக்கும் உறுப்பு இதுவே. கருக்காலத்தின் முதற்பாதியில், கருப்பைச் சுவரிலுள்ள சுருள் நாடிகள் அகன்று நஞ்சுக்கொடிக்குத் தாராளமாகக் குருதி பாயச் செய்ய வேண்டும். முன்சூல்வலிப்பு பின்னர்த் தோன்றும் பெண்கள் பலரிடம் இவ்வகற்சி சரிவர நிகழ்வதில்லை. குறுகிய வாய்க்காலில் பாயும் நீர் வயலின் கடைமடையை எட்டாதது போல, நஞ்சுக்கொடிக்குப் போதிய குருதி கிட்டாமல் போகிறது.

அவ்வாறு இடர்ப்பட்ட நஞ்சுக்கொடி, தாயின் குருதியில் சில புரதங்களை மிகுதியாக வெளிவிடுகிறது. அவை குருதி நாளங்களைப் பேணும் வளர்ச்சிக் காரணிகளைப் பிடித்து முடக்கிவிடுகின்றன. இதனை 2003இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இந்தியாவில் பிறந்த ஆனந்த் கருமாஞ்சியின் ஆய்வுக்குழு எலிகளிடம் செய்த ஆய்வால் காட்டியது. அப்புரதத்தை மிகுதியாகப் பெற்ற சினை எலிகளுக்கு அழுத்தம் உயர்ந்தது. சிறுநீரில் புரதம் வெளியேறியது. தாயின் உணவோ மனநிலையோ ஒழுக்கமோ இந்நோயின் வேர் அன்று. நஞ்சுக்கொடி அமையும் முறையிலேயே அது தொடங்குகிறது என்பதை வகுப்பறையிலும் வீட்டிலும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

மறுபுறம், குருதி குறைந்த குழந்தையின் உடல் ஒரு சிக்கன முறையைக் கையாளுகிறது. கிடைக்கும் குருதியை மூளைக்கும் இதயத்திற்கும் முதலில் அனுப்பி, குடல், சிறுநீரகம், தோல் முதலியவற்றுக்குக் குறைத்துக்கொள்கிறது. வருவாய் குறைந்த வீட்டில் அரிசிக்கும் மருந்துக்கும் முதலிடம் தந்து பிறவற்றைத் தள்ளிப்போடுவது போன்றது இது. 'டாப்ளர்' ஒலியலைக் கருவியால் கொப்பூழ்க்கொடியின் குருதியோட்டத்தைப் பார்க்கும் மருத்துவர், இதயத் துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் ஓட்டம் நின்றுவிடுவதையோ பின்னோக்கிப் பாய்வதையோ காணும்போது நிலைமை கடுமை என்று உணர்வர். அத்தகைய குழந்தைகளின் குடல், பிறக்கும்போதே நலிந்திருக்கக்கூடும். பிறந்த பின் பாலும் நுண்ணுயிர்களும் அக்குடலை வந்தடையும்போது, முதிராத குடற்சுவர் அளவுகடந்து அழற்சியுறலாம். தாயின் அழுத்தத்தைக் குழந்தையின் குடல் நோயோடு இணைக்கும் விளக்கம் இதுவே. இது பொருத்தமான விளக்கம். ஆயினும் பொருத்தமான விளக்கம் வேறு, மெய்ப்பிக்கப்பட்ட காரணம் வேறு.

6. ஆலும் ஓடும்

நன்னூல் மூன்றாம் வேற்றுமைக்கு ஆல், ஆன், ஒடு, ஓடு என்னும் உருபுகளைக் கூறி, கருவி, கருத்தா, உடனிகழ்வு என்பவற்றை அதன் பொருள்களாக வகுத்துள்ளது. 'வாளால் வெட்டினான்' என்பதில் ஆல் கருவிப் பொருளில் வந்தது. 'ஆசிரியரோடு மாணவர் வந்தார்' என்பதில் ஓடு உடனிகழ்வுப் பொருளில் வந்தது. ஆசிரியர் வந்ததனால்தான் மாணவர் வந்தார் என்று இரண்டாம் தொடர் கூறவில்லை. இருவரும் ஒருங்கே வந்தனர்; அவ்வளவே. இருவரையும் ஒரே பேருந்து கொண்டுவந்திருக்கலாம்.

இக்கால ஆய்வு முறையியலின் அடிப்படை வேறுபாடு இதுதான். இரண்டு நிகழ்வுகள் ஒருங்கே காணப்படுதல் உடனிகழ்வு. ஒன்று மற்றொன்றை விளைவித்தல் காரணம். ஆங்கில ஆய்வுரைகளில் உடனிகழ்வாகக் கூறப்படுவது, தமிழில் பெயர்க்கப்படும்போது முதலில் 'தொடர்புடையது' என்றாகி, செய்தித்தலைப்பில் 'காரணம்' என்றாகி, வீட்டில் 'ஆல்' என்றாகிவிடுகிறது. மொழியிலேயே இவ்வேறுபாட்டுக்கு உருபுகள் இருந்தும் நாம் அவற்றைப் பயன்கொள்வதில்லை.

நம் பொருளில் ஆய்வுகள் கூறுவது என்ன? இசுரேலிலிருந்து 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பிறப்பு எடை மிகக் குறைந்த குழந்தைகளிடையே தாயின் உயர் குருதியழுத்தம் இக்குடல் நோய்க்குத் தனித்த இடர்க்கூறு என்று கண்டது. வேறு சில ஆய்வுகளும் அவ்வாறே கண்டன. வேறு பல ஆய்வுகள் அத்தகைய தொடர்பைக் காணவில்லை. மேலே குறிப்பிட்ட மலேசிய ஆய்வின் இறுதிப் பட்டியலில் தாயின் வயது, பேற்றின்போது அளிக்கப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லி, பிறப்பு எடை, பிறவி நுரையீரல் அழற்சி முதலியவை இடம்பெற்றன. தாயின் உயர் குருதியழுத்தம் இடம்பெறவில்லை.

ஏன் இத்தகைய முரண்? மூன்று காரணங்களை மாணவர் அறிந்துகொள்ளுதல் நன்று.

முதலாவது, ஒப்பிடுவதற்கு நலமான துணை இல்லை. 28ஆம் வாரத்தில் காரணமின்றி எக்குழந்தையும் பிறப்பதில்லை. ஒரு தாய்க்கு அழுத்தம் உயர்ந்தது; மற்றொருத்திக்குக் கருப்பையில் நோய்த்தொற்று; வேறொருத்திக்குப் பனிக்குடம் முன்னதாக உடைந்தது. அழுத்தமுற்ற தாயின் குழந்தையை நாம் ஒப்பிடுவது இத்தகைய பிற இடருற்ற குழந்தைகளோடுதான். நோய்த்தொற்றும் குடலைத் தாக்கக்கூடியது. ஆகவே அழுத்தத்தின் விளைவு குறைந்து தோன்றலாம்.

இரண்டாவது, எதை வைத்துக் குழுவமைக்கிறோம் என்பது. அழுத்தமுற்ற தாய்க்குப் பிறக்கும் குழந்தை தன் வாரத்திற்குரிய எடையைவிடச் சிறுத்திருக்கும். ஆயிரம் கிராம் எடையுள்ள இரு குழந்தைகளுள், அழுத்தமுற்ற தாயின் குழந்தை 30 வாரமும், மற்றது 27 வாரமும் ஆனவையாக இருக்கலாம். எடையால் ஒப்பிட்டால் முன்னது முதிர்ந்தது. அதனால் நலமாகத் தோன்றும். வாரத்தால் ஒப்பிட்டால் அதுவே சிறுத்தது. அதனால் நலிந்ததாகத் தோன்றும். அளவுகோல் மாறினால் விடை மாறுகிறது.

மூன்றாவது, இடைநிற்கும் பேருந்து. முன்சூல்வலிப்புக்கு முடிவான மருந்து மகப்பேறே. தாயின் உயிர் காக்க மருத்துவர் குழந்தையை முன்னதாக வெளியே எடுக்கின்றனர். முன்னதாகப் பிறந்தமையே குடல் நோய்க்கு முதன்மையான இடர்க்கூறு. எனவே தாயின் நோயும் குழந்தையின் நோயும் ஒருங்கே காணப்படுவதில் பெரும்பங்கு, இடையில் நின்ற குறைமாதப் பிறப்பினுடையதாக இருக்கலாம்.

இவற்றையெல்லாம் கருதும்போது நாம் எழுதத்தகும் வாக்கியம் பின்வருமாறு அமையும்: "தாயின் உயர் குருதியழுத்தத்தோடும், அதனையொட்டிய குறைமாதப் பிறப்போடும், வளர்ச்சிக் குறைவோடும் இக்குடல் நோய் சில ஆய்வுகளில் மிகுதியாகக் காணப்படுகிறது." இவ்வாக்கியத்தில் ஓடு நிற்கலாம். ஆல் நிற்பதற்குரிய சான்று இன்னும் முழுமையாக இல்லை.

7. ஆல் நிற்கத் தகும் இடங்கள்

உருபைப் பற்றிய இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. "என் அழுத்தத்தால் பிள்ளைக்கு நோய் வந்தது" என்று நம்பும் தாய், தன் உடலையே ஐயுறுவாள். தன் குருதியில் நஞ்சு உள்ளது, அது பாலிலும் இறங்கும், உட்கொள்ளும் மாத்திரையும் பாலைக் கெடுக்கும் என்று அஞ்சுவாள். உண்மையில் இந்நோயிலிருந்து குழந்தையைக் காக்கும் பொருள்களுள் தலையாயது அவளுடைய பாலே. தவறான உருபு ஒன்று, காக்கும் பொருளைத் தாயே தன் கையால் நிறுத்தும்படி செய்துவிடக்கூடும்.

இங்கேதான் ஆல் உறுதியாக நிற்கிறது. பிரிட்டனில் 926 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்த ஆலன் லூக்கசும் டி. ஜே. கோலும் 1990இல் வெளியிட்ட கட்டுரையில், மாவுப்பால் மட்டுமே பெற்ற குழந்தைகளிடம் இக்குடல் நோய், தாய்ப்பால் மட்டுமே பெற்றவரைவிட ஆறு முதல் பத்து மடங்கு மிகுதியாகக் காணப்பட்டதென்று கூறினர். அதன் பின் வந்த ஆய்வுகளும் மனிதப் பாலின் காப்பை உறுதிசெய்துள்ளன. மும்பையின் சயான் மருத்துவமனையில் 1989இல் பால் வங்கி தோன்றியதும் இத்தகைய குழந்தைகளைக் காக்கவே. இசுலாமிய நெறியில் ஒருத்தியிடம் பாலுண்டோர் உடன்பிறந்தார்க்கு நிகராகக் கருதப்படுவதால், மலேசியாவில் பால் வங்கி அமைத்தல் எளிய செய்தியன்று. ஆகவே இந்நாட்டில் பெற்ற தாயின் பாலுக்குள்ள மதிப்பு இன்னும் மிகுதி.

சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டும் பழைய வழக்கம் சில குடும்பங்களில் இருந்தது. மிகுகுறைமாதக் குழந்தைக்கு அச்சீம்பாலின் சில துளிகளே முதல் மருந்து. அறுவைப் பேறும் நோயும் பிரிவும் சேர்ந்து பால் சுரப்பைத் தாமதப்படுத்தலாம். ஆயினும் இடைவிடாது பீய்ச்சி எடுத்து மருத்துவமனைக்கு அனுப்பினால் சுரப்பு நிலைக்கும். பேற்றுக்குப்பின் வீட்டில் பத்தியம் காக்கும் தாய் தானே செல்ல இயலாவிடினும் அவள் பால் செல்லலாம். உயர் குருதியழுத்தத்திற்கு வழக்கமாக அளிக்கப்படும் மருந்துகளுள் பெரும்பாலானவை பாலூட்டுதலுக்குத் தடையல்ல. தம் மருந்து எவ்வகையது என்று மருத்துவரிடம் வினவித் தெளிதல் வேண்டும். தாமே பாலையோ மாத்திரையையோ நிறுத்துதல் கூடாது.

கருவறையில் குருதியோட்டம் குறைந்த குழந்தைக்கு எப்போது பால் தொடங்குவது என்பது நெடுநாள் ஐயமாக இருந்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இத்தகைய 404 குழந்தைகளை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு இரண்டாம் நாளும் மற்றதற்கு ஆறாம் நாளும் பால் தொடங்கினர். 2012இல் வெளிவந்த முடிவின்படி, முன்னதாகத் தொடங்கியவர் முழு அளவுப் பாலை விரைவில் எட்டினர். குடல் நோய் அவர்களிடம் குறிப்பிடத்தக்க அளவு மிகவில்லை. தாயின் அழுத்தத்தைக் காட்டிப் பாலைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்பது இதனால் விளங்குகிறது. ஆயினும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரிய அளவையும் வேளையையும் மருத்துவரே முடிவுசெய்வர்.

ஆல் நிற்கும் வேறு இடங்களும் உள. 1972இல் நியூசிலாந்தின் லிகின்சும் ஹோவியும், முன்னதாகப் பேறு நிகழவிருக்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி அளித்தால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிரும் என்று காட்டினர். அவ்வூசி குடல் நோயையும் குறைப்பதாகப் பிற்காலத் தொகுப்பாய்வுகள் கூறின. 2002இல் வெளிவந்த, 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு, மெக்னீசியம் சல்பேட்டு மருந்தால் சூல்வலிப்பு பாதிக்கும் மேல் குறைவதை நிறுவியது. இடர் மிகுந்த பெண்களுக்குக் கருக்காலத்தின் முதல் மூன்று மாதங்களின் முடிவிலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் அளித்தால், 37 வாரத்திற்கு முன் வரும் முன்சூல்வலிப்பு பெரிதும் குறையும் என்று 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இவையனைத்தும் மருத்துவர் தேர்ந்து அளிக்க வேண்டியவை. இவற்றுக்கெல்லாம் வாயில், கருவுற்றது தெரிந்தவுடன் நலவாழ்வு நிலையத்திற்குச் சென்று பதிந்துகொள்ளுதலே.

8. தமிழில் சொல்ல இயலுமா?

இத்தகைய நுண்பொருளைத் தமிழில் சொல்ல இயலுமா என்று ஐயுறுவோர்க்கு வரலாறு விடை கூறும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் பயிற்றினார். 1860களில் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார்; உடற்கூறு, அறுவை, வேதியியல் முதலிய துறை நூல்களைத் தமிழில் ஆக்கினார், ஆக்குவித்தார். அவற்றுள் மகப்பேற்று மருத்துவம் பற்றிய 'பிரசவ வைத்தியம்' 1857இல் வெளிவந்தது. சிறுநீர்ப் புரதத்துக்கும் பேற்றுக்கால வலிப்புக்கும் உள்ள உறவை லண்டன் மருத்துவர் ஜான் லீவர் 1843இல்தான் கண்டறிந்திருந்தார். கையில் பட்டை கட்டிக் குருதியழுத்தம் அளக்கும் கருவியை இத்தாலியின் ரிவா ரோச்சி 1896இல்தான் அமைத்தார். அழுத்தத்தை எளிதில் அளக்கும் கருவி தோன்றுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பேற்று மருத்துவம் தமிழில் அச்சேறியிருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கிறீன் செய்தது சொற்பட்டியல் தொகுப்பதோடு முடியவில்லை. அச்சொற்களைக் கொண்டு கற்பித்தார். கற்றவர் அவற்றைக் கொண்டு மருத்துவம் செய்தனர். கலைச்சொல் அகராதியில் மட்டும் இருந்தால் உறங்கும். வாக்கியத்தில் வந்தால்தான் உயிர்பெறும். 'முன்சூல்வலிப்பு', 'குடல் நசிவழற்சி' என்பவற்றுக்கும் இது பொருந்தும்.

9. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

பினாங்கு மாநிலத்தின் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியருள் பெரும்பாலோர் பெண்கள். பெற்றோர் பலர் மருத்துவமனைக் கடிதங்களைப் படித்துச் சொல்லுமாறு ஆசிரியரையோ, மேல்வகுப்பில் பயிலும் தம் பிள்ளைகளையோ நாடுவர். அவ்வகையில் நீங்கள் ஒவ்வொருவரும் மொழிபெயர்ப்பாளரே. மூன்று செயல்களை உங்கள்முன் வைக்கிறோம்.

கருக்காலத்தை மாதத்தால் கேட்டாலும் வாரத்தால் உறுதிசெய்யுங்கள். மக்கள் சொல்லிலிருந்து தொடங்கி மருத்துவப் பொருளில் கொண்டு நிறுத்துங்கள். 'டாரா திங்கி' என்று கேட்கும் தாய்க்கு, அது குருதியின் மிகுதியன்று, அழுத்தத்தின் உயர்வு என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். மருத்துவ ஆய்வைத் தமிழாக்கும்போது, அங்கே காரணம் நிறுவப்பட்டுள்ளதா, உடனிகழ்வு மட்டும் காட்டப்பட்டுள்ளதா என்று பார்த்து உருபைத் தேர்ந்தெடுங்கள். வேற்றுமை கற்பிக்கும் வகுப்பில், வாளையும் வெட்டையும் எடுத்துக்காட்டுவதோடு, நாளிதழின் மருத்துவச் செய்தி ஒன்றைக் கொடுத்து 'இங்கே ஆல் தகுமா, ஓடு தகுமா' என்று கேட்கலாம். இலக்கணமும் அறிவியலும் அந்த ஒரு வினாவில் சேர்ந்து கற்பிக்கப்படும்.

குறைமாதக் குழந்தையை ஈன்ற தாய்க்கு 'குறை' என்னும் சொல்லே சுமை. மாதம் குறைந்தது, அவளிடம் குறையில்லை. "உன்னால் வந்தது" என்பதற்குச் சான்றில்லை. "உன் பாலால் காக்கலாம்" என்பதற்குச் சான்றுண்டு. அந்த இரண்டு தொடர்களையும் வேறுபடுத்திச் சொல்லும் திறமே, இப்பொருளில் தமிழ் கற்றோர் தம் சமூகத்திற்குச் செய்யத்தக்க உதவியாகும்.